வேகம் குறைக்கும் சக்கரங்கள்

நாமக்கல் மாவட்டத்தில் ஓங்கி நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் நிலங்களும், மிளகும் காப்பியும் பலாவும் செழிக்கும் தோட்டங்களும், ஆகாய கங்கை என்னும் அருவியும் அம்மலையின் செல்வங்கள் ஆகும். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மலைமேல் ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து ஏறத்தாழ வந்த திசைக்கே திரும்பி, மேலே உள்ள அடுத்த படிக்கு ஏறுகிறது.

இவ்வளைவுகளில் பேருந்து ஏறும் முறையை உற்று நோக்கினால் ஒரு வியப்பு தோன்றும். பேருந்து ஊர்ந்து செல்கிறது. ஆனால், அதன் எஞ்சினோ முழு மூச்சுடன் முழங்குகிறது. சமவெளியில் விரைந்து ஓடும்போது எழாத ஓசை, மெல்ல ஏறும்போது எழுவானேன்? ஓட்டுநர் அப்போது முதல் கியரில் வண்டியைச் செலுத்துகிறார். எஞ்சின் முப்பது, நாற்பது முறை சுழன்றால்தான் வண்டியின் சக்கரம் ஒரு முறை சுழலும். எஞ்சினின் வேகம் குறைக்கப்பட்டு, அதற்கு ஈடாகச் சக்கரத்தைத் திருப்பும் வலிமை பெருக்கப்படுகிறது. இதனைச் செய்வன பற்சக்கரங்கள். மலைச் சாலையில் பேருந்தை ஏற்றும் இதே முறைதான், வானில் ஹெலிகாப்டரைத் தூக்கி நிறுத்துவதும் ஆகும்.

ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல்

பற்சக்கரத்தின் விதி மிக எளியது. 20 பற்களை உடைய சிறு சக்கரம் ஒன்று, 80 பற்களை உடைய பெரிய சக்கரம் ஒன்றைக் கவ்விச் சுழல்வதாகக் கொள்வோம். சிறு சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது, பெரிய சக்கரத்தின் 20 பற்கள் மட்டுமே நகரும். ஆகவே, சிறியது நான்கு சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. திருப்பும் வலிமையாகிய முறுக்கு விசை நான்கு மடங்காகப் பெருகுகிறது. வேகத்தையும் முறுக்கு விசையையும் பெருக்கிவரும் அளவே ஆற்றலாகும். அவ்வாற்றலைப் பற்சக்கரம் உண்டாக்குவதில்லை; உருமாற்றித் தருவதே அதன் தொழில். உராய்வினால் சிறிதளவு வெப்பமாக வீணாவது தவிர, உட்சென்ற ஆற்றல் அனைத்தும் வெளிவருகிறது.

வானூர்தியின் வரலாற்றில் தொடக்கத்திலேயே இம்முறை இடம்பெற்றுவிட்டது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்க நாட்டில் ரைட் சகோதரர்கள் தங்கள் வானூர்தியைப் பறக்கவிட்டனர். அதன் எஞ்சின் ஏறத்தாழ 12 குதிரைத்திறன் உடையது. அவர்கள் எஞ்சினை விசிறிகளுடன் நேரே பிணைக்கவில்லை. மிதிவண்டித் தொழிலில் பழகியவர்கள் ஆதலின், சங்கிலிகளால் இணைத்தனர். எஞ்சின் பக்கத்தில் 8 பற்களும், விசிறியின் பக்கத்தில் 23 பற்களும் உடைய சக்கரங்கள் இருந்தன. அதனால் எஞ்சின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்துடன் விசிறிகள் சுழன்றன. ஒரு சங்கிலியை மட்டும் குறுக்காக மாற்றிப் போட்டதனால், இரு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுழன்றன. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று மிகுந்த காற்றைத் தள்ளுவதே, சிறிய விசிறி விரைந்து சுழல்வதைவிடச் சிக்கனமானது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

டர்பைனின் வேகமும் விசிறியின் வேகமும்

பிற்காலத்தில் டர்பைன் என்னும் சுழலி எஞ்சின் வந்தது. எரிபொருள் எரிவதால் எழும் வெப்பக் காற்று, சிறு இறக்கைகள் பொருத்திய சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிக விரைவாகச் சுழல்வதனாலேயே அது சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்து பேராற்றலைத் தருகிறது. அதே ஆற்றலை மெதுவாகச் சுழன்று தரவேண்டுமாயின், எஞ்சின் பன்மடங்கு பெருத்துவிடும்.

இந்தியாவில் பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், 1965 முதல் பிரெஞ்சு நாட்டு உரிமத்தின் கீழ் உருவாக்கிய ஹெலிகாப்டர் 'சேத்தக்'. அதன் டர்பைன் நிமிடத்திற்கு 33,500 சுற்றுகள் சுழல்வது. தலைக்கு மேலே சுழலும் மூன்று இறக்கைகளோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 353 சுற்றுகளே சுழல வேண்டும். டர்பைன் 95 முறை சுழன்றால் இறக்கைகள் ஒரு முறை சுழலும்.

இறக்கைகளையும் டர்பைனின் வேகத்திலேயே சுழலவிட்டால் என்ன? சிறு கணக்கு ஒன்று இதற்கு விடை தரும். இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11 மீட்டர். எனவே, ஒரு சுற்றில் இறக்கையின் நுனி கடக்கும் தொலைவு ஏறத்தாழ 34½ மீட்டர். நிமிடத்திற்கு 353 சுற்று எனில், நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர். காற்றில் ஒலி செல்லும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஆகவே, நுனி ஒலியினும் மெதுவாகச் செல்கிறது. காற்றும் அமைதியாக அதற்குப் பணி செய்கிறது. டர்பைனின் வேகத்திலேயே சுழல்வதாயின், நுனியின் வேகம் நொடிக்கு 19 கிலோமீட்டரைத் தாண்டும்! அது ஒலியின் வேகத்தைப்போல் 50 மடங்கிற்கும் மேல். அவ்வேகத்தைத் தாங்கும் இறக்கை எதுவும் இல்லை.

வேகத்தைக் குறைக்கும்போது முறுக்கு விசை எவ்வளவு பெருகுகிறது என்பதையும் காண்போம். எஞ்சின் 400 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 540 குதிரைத்திறன் ஆற்றலைத் தருவதாகக் கொள்வோம். டர்பைனின் தண்டில் உள்ள முறுக்கு, ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 12 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்றதே. ஒரு சிறுவனும் அதனைத் தாங்கிவிடலாம். வேகம் 95இல் ஒரு பங்காகக் குறைந்த பின்னர், அதே கைப்பிடியின் நுனியில் 1,100 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற முறுக்கு, இறக்கைகளின் தண்டில் எழுகின்றது. ஆற்றல் ஒன்றே, அதன் உருவம் மாறிவிட்டது.

எடை என்னும் எதிரி

பேருந்தின் பற்சக்கரப் பெட்டி சற்றுக் கனமாக இருப்பினும் கேடில்லை. சாலை அதனைத் தாங்கிக்கொள்ளும். வானூர்தியை நிலம் தாங்குவதில்லை. அதில் உள்ள ஒவ்வொரு கிலோவையும் எஞ்சினே தூக்கிச் சுமக்க வேண்டும். பெட்டியின் எடை ஒரு கிலோ கூடினால், நோயாளிக்குக் கொண்டு செல்லும் மருந்திலோ, பனிமலையில் காவல் புரியும் வீரருக்குக் கொண்டு செல்லும் உணவிலோ ஒரு கிலோ குறையும். எனவே, பெருமளவு வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டியை எடை குறைந்ததாகவும், ஆற்றலை வீணாக்காததாகவும், நம்பத்தக்கதாகவும் அமைப்பது எவ்வாறு என்பதே வல்லுநரின் முன் நிற்கும் வினா.

ஒரே ஓர் இணைச் சக்கரங்களைக் கொண்டு 95 மடங்கு வேகத்தைக் குறைக்க முயல்வோமானால் என்ன ஆகும்? சிறு சக்கரத்திற்கு 20 பற்கள் எனில், பெரியதற்கு 1,900 பற்கள் வேண்டும். அது தேர்ச் சக்கரத்தினும் பெரிதாகிவிடும். ஆகவே, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றனர். சேத்தக்கில் எஞ்சினை ஒட்டிய பற்சக்கரங்களே 33,500 சுற்றுகளை 5,773 சுற்றுகளாகக் குறைத்துவிடுகின்றன. இறக்கைகளுக்குக் கீழே அமைந்த முதன்மைப் பெட்டி, எஞ்சிய வேகக் குறைப்பைச் செய்கிறது. முதற்படியில் ஏறத்தாழ 6 மடங்கு. அடுத்ததில் ஏறத்தாழ 16 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 95 வந்துவிடும்.

படிகளைப் பிரிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தண்டும் சக்கரமும் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆற்றல் அன்று, முறுக்கு விசையே. விரைந்து சுழலும் தண்டில் முறுக்கு குறைவு. ஆகவே, அது மெல்லியதாக இருக்கலாம். மெதுவாகச் சுழலும் தண்டில் முறுக்கு மிகுதி. அது தடித்திருக்க வேண்டும். எனவே, இயன்ற தொலைவு வரை ஆற்றலை மிகு வேகத்திலேயே கொண்டு சென்று, இறக்கைகளின் அருகே வந்த பின்னரே பெருமளவு வேகத்தைக் குறைப்பது சிறந்தது. கனமான உறுப்புகள் ஓரிடத்தில் மட்டும் அமையும், எடை மிச்சமாகும்.

ஞாயிறும் கோள்களும்

கனம் மிகுந்த அவ்விறுதிப் படிக்கு ஏற்ற அமைப்பைக் 'கோட்சக்கர அமைப்பு' என்பர். நடுவில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதற்கு ஞாயிற்றுச் சக்கரம் என்று பெயர். அதனைச் சூழ்ந்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சக்கரங்கள் கோள்களைப்போல் அமைந்திருக்கும். இவை அனைத்தையும் சுற்றி, உட்புறத்தில் பற்கள் வெட்டப்பட்ட வளையம் ஒன்று அசையாமல் நிற்கும். ஞாயிறு சுழலும்போது, கோள்கள் தாமும் சுழன்று, வளையத்தின் பற்களின்மீது ஊர்ந்து ஞாயிற்றைச் சுற்றி வரும். கோள்களைத் தாங்கும் சட்டம் அவற்றுடன் மெதுவாகச் சுழலும். அச்சட்டத்திலிருந்தே இறக்கைகளுக்குச் சுழற்சி செல்கிறது.

ஞாயிற்றில் 30 பற்கள், ஒவ்வொரு கோளிலும் 30 பற்கள், வளையத்தில் 90 பற்கள் என்று கொள்வோம். வளையத்தின் பற்களை ஞாயிற்றின் பற்களால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் 4 கிடைக்கும். ஞாயிறு நான்கு முறை சுழன்றால் சட்டம் ஒரு முறை சுழலும். இத்தகைய அமைப்பு இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 16 மடங்கு குறையும்.

இதன் பெருமை வேகக் குறைப்பில் மட்டும் இல்லை. சாதாரண இணைச் சக்கரங்களில் முழுச் சுமையும் ஓரிடத்தில் கவ்வும் பற்களின்மீதே விழும். கோட்சக்கர அமைப்பிலோ மூன்று கோள்கள் இருப்பின் சுமை மூன்றாகப் பகிரப்படுகிறது. ஐந்து இருப்பின் ஐந்தாகப் பகிரப்படுகிறது. தேர் வடத்தைப் பலர் சேர்ந்து இழுப்பது போன்றது இது. ஒவ்வொருவர் தோளிலும் சிறு சுமையே விழுவதால், ஒவ்வொரு சக்கரமும் சிறியதாக இருக்கலாம். ஆனால், பகிர்வு சமமாக இருக்க வேண்டும். ஒரு கோள் மயிரிழை அளவு தவறி அமைந்தாலும், அதுவே மிகுதியான சுமையைத் தாங்க நேரும். எனவே, பற்களை வெட்டும் கைத்திறன் மிக நுண்ணியதாக இருத்தல் இன்றியமையாதது.

பல்லும் எஃகும் எண்ணெயும்

பற்சக்கரத்தின் பல்லுக்கு இரு வேறு பண்புகள் தேவை. மேற்புறம் தேயாதபடி கடினமாக இருக்க வேண்டும். உட்புறம் முறியாதபடி உறுதியும் நெகிழ்வும் உடையதாக இருக்க வேண்டும். கடினமானது எளிதில் முறியும். நெகிழ்வது எளிதில் தேயும். இம்முரண்பாட்டைத் தீர்க்க, நல்ல எஃகினால் சக்கரத்தைச் செய்து, கரியூட்டி வெப்பப்படுத்துவர். மேலே மெல்லிய கடினத் தோல் உண்டாகும். உள்ளே எஃகு தன் இயல்பிலேயே இருக்கும். பின்னர் பற்களை வழுவழுப்பாகத் தேய்த்துச் சீர்செய்வர். பெட்டியின் புறக் கூட்டினை அலுமினியம் அல்லது மக்னீசியக் கலவையால் வார்ப்பர். தண்டுகளை உள்ளே துளைத்துக் குழாய்போல் ஆக்குவர். முறுக்கினைப் பெரிதும் தாங்குவது தண்டின் புறப்பகுதியே. நடுப்பகுதி சும்மா இருந்து எடையை மட்டும் கூட்டுகிறது.

பற்களின் எண்ணிக்கையிலும் கருத்துச் செலுத்துவர். 20 பற்களும் 80 பற்களும் உடைய சக்கரங்கள் இணைந்தால், சிறு சக்கரத்தின் ஒரு பல் பெரிய சக்கரத்தின் அதே நான்கு பற்களையே என்றும் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருப்பின், அது அந்நான்கையே மீண்டும் மீண்டும் கெடுக்கும். 21, 80 என்று பொது வகுஎண் இல்லாதபடி அமைத்தாலோ, ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் முறையே சந்திக்கும். தேய்மானமும் எங்கும் ஒரே சீராகப் பரவும். வகுப்பில் கற்கும் எளிய எண்கணிதம் எவ்வளவு பெரிய பணிக்கு உதவுகிறது!

உராய்வினால் இழக்கும் ஆற்றல் நூற்றுக்கு இரண்டு பங்கே எனினும், 400 கிலோவாட்டில் அது 8 கிலோவாட் ஆகும். எட்டுப் பெரிய மின்னடுப்புகள் ஒரு சிறு பெட்டிக்குள் இடைவிடாது எரிவது போன்றது அது. இவ்வெப்பத்தை வாங்கிக் கொண்டு செல்வது எண்ணெய். பற்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவை தேயாமல் காப்பதும் அதுவே. எண்ணெய் ஒழுகிவிட்டால் பெட்டி விரைவில் அழிந்துவிடும். அதனால், பெரிய பயணி ஹெலிகாப்டர்களின் பெட்டி, எண்ணெய் வற்றிய பின்னரும் விமானி தரையிறங்கும் வரை சிறிது நேரம் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கின்றனர்.

சிறு விரிசலும் பெருந்துயரும்

எடையைக் குறைக்கும் முயற்சிக்கு எல்லை உண்டு என்பதை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்துகிறது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், நார்வே நாட்டில், கடல் நடுவே உள்ள எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து பெர்கன் நகரை நோக்கித் திரும்பிய ஹெலிகாப்டர் ஒன்றின் இறக்கைகள் நடுவானில் தனியே பிரிந்து சென்றன. அதில் இருந்த 13 பேரும் உயிரிழந்தனர். பெட்டியினுள் இருந்த கோட்சக்கரம் ஒன்றில் தோன்றிய நுண்ணிய விரிசலே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. பெட்டிகளில் காந்தத் துண்டு ஒன்று வைத்திருப்பர். தேய்ந்து உதிரும் எஃகுத் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு, ஆபத்தை முன்னரே அறிவிக்கும். ஆனால், அவ்விரிசலோ மேற்பரப்பிற்கு அடியில் பரவிச் சென்றது. துகள்களை அது மிகுதியாக உதிர்க்கவில்லை. எனவே, எச்சரிக்கையும் கிட்டவில்லை.

ஓர் எஞ்சின் கெட்டாலும் மற்றோர் எஞ்சின் கைகொடுக்கும்படி ஹெலிகாப்டரை அமைக்கலாம். ஆனால், எல்லா ஆற்றலும் சென்று சேரும் இறுதிச் சக்கரங்களுக்கு மாற்று இல்லை. அதனால்தான் அவற்றைச் செய்பவரும், சோதிப்பவரும், பழுது பார்ப்பவரும் கடமையில் இம்மியும் வழுவாதிருத்தல் வேண்டும்.

எஞ்சின் நின்றாலும் சுழலும் இறக்கை

பற்சக்கரப் பெட்டியுடன் இணைந்த மற்றோர் உறுப்பு, ஒருவழிப் பிணைப்பு. மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தடையின்றி ஓடுகிறது அல்லவா? அதுபோலவே, எஞ்சின் நின்றுவிட்டால் அப்பிணைப்பு தானே விலகி, இறக்கைகளைத் தடையின்றிச் சுழலவிடும். கீழிருந்து மேலெழும் காற்று இறக்கைகளைச் சுழற்ற, ஹெலிகாப்டர் மெல்ல இறங்கும்.

இந்தியப் படையின் தேவைக்கென்று, சேத்தக்கின் எஞ்சினையும் சுழல் உறுப்புகளையும் எடை குறைந்த உடலில் பொருத்தி, பிரெஞ்சு நாட்டில் 'லாமா' என்னும் ஹெலிகாப்டரை அமைத்தனர். அதுவே இந்தியாவில் 'சீட்டா' என்னும் பெயரில் உருவாக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், ழான் பூலே என்னும் விமானி லாமாவில் 12,442 மீட்டர் உயரம் சென்றார். அது எவரெஸ்டுச் சிகரத்தினும் 3,500 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அங்கு எஞ்சின் அணைந்துவிட்டது, மீண்டும் உயிர்பெறவில்லை. எனினும், எஞ்சினின்றி இறக்கைகளின் சுழற்சியாலேயே அவர் நலமாகத் தரையிறங்கினார். சீட்டா ஹெலிகாப்டர்கள் இமயத்தின் சியாச்சின் பனிப்பரப்பில் வீரர்களுக்குப் பல்லாண்டுகள் உணவும் மருந்தும் கொண்டு சென்றன. காற்று மெலிந்த அவ்வுயரத்தில் மிகச் சிறு சுமையையே தூக்க இயலும். ஒரு கிலோவின் அருமை அங்கே நன்கு விளங்கும்.

நம் நாட்டின் முயற்சி

இத்துறையில் நம் நாடு படிப்படியாக முன்னேறி வந்துள்ளது. கான்பூரில் உரிமத்தின் கீழ் உருவாக்கப்பட்ட டார்னியர் 228 என்னும் சிறு விமானத்தின் எஞ்சின் நிமிடத்திற்கு 41,730 சுற்றுகள் சுழல்வது. அதனுடன் இணைந்த பற்சக்கரங்கள் அதனை 1,591 சுற்றுகளாகக் குறைத்து விசிறிக்குத் தருகின்றன. ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் துணையுடன் பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட 'துருவ்' ஹெலிகாப்டர், 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது.

தமிழ்நாடும் இப்பணியில் பங்கு கொண்டுள்ளது. சென்னையை அடுத்த ஆவடியில், போர் ஊர்திகளை ஆராய்ந்து உருவாக்கும் அரசு நிலையம் உள்ளது. அது டாங்கிகளுக்குப் பெயர் பெற்றது. அந்நிலையத்தின் வல்லுநர்கள், 2001ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த 'தேஜஸ்' போர் விமானத்திற்கான துணைப் பற்சக்கரப் பெட்டியை உருவாக்கினர். எஞ்சினிடமிருந்து சுழற்சியைப் பெற்று, விமானத்தின் எண்ணெய் அழுத்தப் பம்புகளையும் மின்னாக்கியையும் இயக்குவது அப்பெட்டி. டன் கணக்கில் எடையுள்ள டாங்கியின் சக்கரங்களை அறிந்த கைகளே, ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பார்க்க வேண்டிய வானூர்தியின் சக்கரங்களையும் செய்து காட்டின.

வேகம் ஒன்றே முன்னேற்றம் என்று பலர் எண்ணுவர். பற்சக்கரமோ வேறோர் உண்மையை உணர்த்துகிறது. வேகத்தைத் தக்க இடத்தில் தக்க அளவு குறைத்தால்தான், அது பயனுள்ள வலிமையாக மாறும். சுமையை ஒருவரே தாங்காது பலர் சமமாகப் பகிர்ந்துகொண்டால், சிறியவர்களும் பெருஞ்செயலை முடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிறு குறையையும் பொருட்படுத்தி நீக்கினால்தான், பலருடைய உயிர் காக்கப்படும். எண்கணிதத்தையும் உலோகத்தின் இயல்பையும் கைத்திறனையும் இன்று ஊன்றிக் கற்கும் மாணவரே, நாளை இத்தகைய சக்கரங்களைப் படைத்து நாட்டிற்குத் தருவர்.